பிள்ளைக் காம்பராவில் ஒரு தண்ணிக் கேஸ்

ஆறு பொலிஸ்காரர்கள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து ஓர் இடத்தைச் சோதனை போட்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவர்களை அப்படி நடக்க வைத்ததே நான்தான்.

பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். பதினான்கு பிள்ளைகளுக்கும் சோறு ஊட்டி, வாய் துடைத்து, தொட்டிலில் நாலு பேரையும் பாயில் பத்துப் பேரையும் கிடத்தி, அப்போதுதான் மூச்சு விட்டிருந்தேன். வெளியே ஜீப் வந்து நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு காக்கிச் சட்டைகள் உள்ளே வந்தன. எனக்குப் பயப்பட நேரமில்லை, விரல்தான் முதலில் உதட்டுக்குப் போனது.

"ஷ்ஷ்! இப்பதாங்க தூங்க வெச்சேன். ஒண்ணு முழிச்சா பதினாலும் முழிச்சிரும். சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க."

முன்னால் நின்ற சாஜன், அதாவது சார்ஜன்ட், என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், குனிந்து நாடாவை அவிழ்த்தார். பின்னால் வந்த ஐந்து பேரும் அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு எல்லாமே குசுகுசுப்புத்தான்.

"கசிப்பு எங்கே வச்சிருக்கு?" என்று என் காதருகில் கேட்டார் சாஜன். சிங்களவர். தமிழை முயன்று பேசுகிறவர்.

கசிப்பு என்றால் கள்ளத்தனமாகக் காய்ச்சும் சாராயம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"போத்தல், போத்தல்! முப்பது போத்தல் இருக்கு சொன்னதுதானே. நீங்கதான் நேத்து போன்ல சொன்னது."

அட, அதற்கா? எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு போன் போட்டதற்கு ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்திருக்கிறார்களே! "வாங்க, வாங்க. நேத்து முப்பது, இன்னைக்கு காலைல ஒண்ணு, மொத்தம் முப்பத்தொண்ணு" என்று சொல்லிக்கொண்டே சாமான் அறையைத் திறந்து காட்டினேன். மாப்பால் டின்களுக்குப் பக்கத்தில் முப்பத்தொரு சாராயப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்தது.

சாஜன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய சேவைக் காலத்தில் இப்படிச் சிரித்த முகத்தோடு யாரும் கதவைத் திறந்துவிட்டிருக்க மாட்டார்கள்.

பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்

பெரகலச் சந்தியிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், எழுதினால் இந்த வாரமே ஒருவர் போன் போட்டுச் சண்டைக்கு வருவார். காலையில் எந்நேரமும் மூட்டம். மூட்டம் கலைந்தால் கீழே தெற்குச் சமவெளி கடல் வரைக்கும் தெரியும். அந்தக் காட்சிதான் பிறகு எங்களுக்கு வினையாக வந்தது.

கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில் நான் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். வாசல் பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. நாங்கள் எல்லாரும் சொல்வது பிள்ளைக் காம்பரா. பிள்ளைகளுக்கு நான் ஆயம்மா, தாய்மாருக்கு அக்கா, கோபம் வந்தால் "அந்தப் புஷ்பம்".

அந்த வருஷம் அடிக்கடி "அந்தப் புஷ்பம்" ஆனேன்.

ஆரம்பித்தது கொழுந்தெடுக்கும் செல்வியின் மகனில். இரண்டு வயது. பால் குடித்தான், வாந்தி எடுத்தான். மறுநாள் வேறு இரண்டு பிள்ளைகள். நான் பால் கரைத்த தண்ணீரை முகர்ந்தேன். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. பீலியில் போய்ப் பார்த்தேன். பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்கி, எங்கள் வரிசை வீடுகளான லயத்தடியில் கொட்டுகிற தண்ணீர். எங்கள் லயம் முழுவதும் குடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் அதில்தான். வாளியில் பிடித்துப் பார்த்தால் மேலே நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மிதந்தது.

அதற்குள் செல்வி வாசலில் நின்றாள்.

"அக்கா, ஸ்டோர்ல மண்ணெண்ண அடுப்பு இருக்குல்ல? அந்தக் கையோடயா பால் கரைச்சீங்க?"

பதினெட்டு வருஷம். எத்தனை பிள்ளைகளுக்குக் குண்டி கழுவியிருப்பேன். செல்வியையே இதே தொட்டிலில் ஆட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அவள் போன பிறகு அழுதேன். அவள் இருக்கும்போது அழுதால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயம்.

மேலே ஒரு மெஷின்

காரணம் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. காட்சி தெரிகிற மலை உச்சியில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டுமென்று குழாய்க் கிணறு தோண்ட ஒரு மெஷின் வந்திருந்தது. நாளெல்லாம் கடகடவென்று பாறையைக் குடையும். குடைந்த சேற்றை ஒரு குழியில் விடுவார்கள். குழிக்குப் பக்கத்தில் டீசல் பீப்பாய்கள். அதற்கு நேர் கீழே எங்கள் ஊற்று. இதைக் கண்டுபிடிக்கப் படித்திருக்க வேண்டியதில்லை, கழுத்தை நிமிர்த்தினால் போதும்.

மேலே போய்க் கேட்டேன். அங்கே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தம்பி மேற்பார்வைக்கு நின்றான். டவுன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைதான்.

"அது எங்களது இல்ல அக்கா. பூமிக்குள்ள இருந்தே சில எடத்துல எண்ணெய் கசியும். இயற்கை."

"இயற்கைல டீசல் வாடையா தம்பி?"

"மலைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

ஹோட்டல்காரர்களிடம் போனேன். தோண்டுவது கொந்தராத்துக்காரர், அவரிடம் கேளுங்கள் என்றார்கள். கொந்தராத்துக்காரருக்குப் போன் போட்டால், நிலம் தோட்டத்துடையது, அங்கே கேளுங்கள் என்றார். தோட்ட ஆபீசில், உச்சியைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று, அது எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். என்னை நாலு பேர் சேர்ந்து பந்தாடினார்கள்.

ஆபீசுக்குப் போனதில் எனக்கு ஒரு கடிதம் மட்டும் கிடைத்தது. துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், போட்ட கையெழுத்து. பிள்ளைக் காம்பராவில் மண்ணெண்ணெயைக் கவனக்குறைவாகப் பாவித்ததால் பிள்ளைகளுக்குச் சுகவீனம் ஏற்பட்டதாக முறைப்பாடு வந்திருக்கிறது, ஆறு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவேன் என்று எழுதியிருந்தது.

யாரோ கொட்டிய டீசலுக்கு நான் விளக்கம் தர வேண்டுமாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்த மெஷினை ஒற்றைக் கையால் உருட்டிவிட்டிருப்பேன்.

தோட்டத்தில் பெட்ரோல்

இதற்கு நடுவில் லயத்தில் வேறொரு கூத்து. கறுப்புக் கண்ணாடி சொன்ன "இயற்கை எண்ணெய்" மலையிறங்கி வருவதற்குள் பெட்ரோல் ஆகிவிட்டது. நம்ம தோட்டத்தில் எண்ணெய் கிடைத்துவிட்டது, மெஷின் தண்ணிக்கு இல்லை, எண்ணெய்க்குத்தான் தோண்டுகிறது, வெளியில் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று பெரட்டுக் களத்தில் பேச்சு. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. அங்கே பிறந்த பேச்சுக்கு ஆயுசு கெட்டி.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் கனவில் மிதந்தார். "இனி கொழுந்து ஏன்? நம்ம ஆளுங்க எல்லாம் எண்ணெய்க் கம்பெனில வேல" என்றார். பக்கத்து வீட்டு மாணிக்கம் ஒருபடி மேலே போய்ப் பீலித் தண்ணியைத் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் ஊற்றிப் பார்த்தார். அந்த மோட்டார் சைக்கிள் இன்றுவரை ஓடவில்லை.

என் தம்பி சேகர் வளைகுடாவில் உண்மையான எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலை செய்கிறான். பாலைவனத்து நடுவில் கேம்ப். போனில் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

"அக்கா, நம்ம தோட்டத்துல எண்ணெ இருந்தா நான் ஏன் இந்த வெயில்ல வேகுறேன்? அது மெஷின் டீசல். நூத்துக்கு நூறு."

தம்பி சொன்ன வேலை

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவன் சிரிப்பு நின்றது.

"இங்கயும் அதே சேத்துக் குழிதான்" என்றான். "பிளாஸ்டிக் விரிச்சு அதுக்கு மேலதான் சேத்த விடணும். கசிஞ்சா உடனே கண்ணாடி போத்தல்ல புடிச்சு, தேதி, நேரம், எடம் எழுதி, ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அப்பதான் யாரு குழின்னு கேள்வி வரும். எழுதாட்டி மணலு குடிச்சிரும், யாரும் கேக்க மாட்டான்."

"எழுதினா கேக்குறாங்களா?"

ஒருமுறை அப்படி எழுதியதற்காக அவனை வேறு கேம்புக்கு மாற்றினார்களாம். இவ்வளவு நாளும் வீட்டில் சொல்லவில்லை. "ஆனா போத்தல் ஆபீஸ்ல இருந்துச்சு அக்கா. ஆள மாத்தலாம், போத்தல மாத்த முடியல. ஆறு மாசம் கழிச்சு அந்தக் குழிய மூடினாங்க. நீ தெனம் ஒண்ணு எடு. ஒண்ணு ரெண்டுன்னா தற்செயல்ம்பாங்க."

கண்ணாடி போத்தலுக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்தில் கண்ணாடி போத்தல் என்றால் ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை விடிந்தால் லயத்துப் பின்பக்கம் எத்தனை வேண்டுமானாலும் கிடக்கும். பொறுக்கி வந்து சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவினேன். பிள்ளைகள் கிறுக்கும் தாளைக் கிழித்து லேபல் ஒட்டினேன்.

குடிக்கிற தண்ணீரை மட்டும் கீழ் டிவிசன் பீலியிலிருந்து தலையில் சுமந்தோம். காலை ஆறு மணிக்கு எங்கள் பீலியடியில் போத்தலோடு நிற்பேன். முதல் நாலு நாள் தனியாக. ஐந்தாம் நாள் செல்வி வாளியோடு வந்தாள். நான் போத்தலைப் பிடிப்பதையும், உள்ளே படலம் மேலே ஏறி நிற்பதையும் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ரெண்டாவது கையெழுத்து யாரு போடுறது?" என்று கேட்டாள்.

"யாருமில்ல."

"குடுங்க" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

முப்பது போத்தல் சேர்ந்ததும் தேதி லிஸ்டை எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, "போத்தலை நிரப்பினது நீ. மண்ணெண்ணெயை நீயே ஊத்தலன்னு எப்படி நம்புறது?" என்றார். இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம்.

அந்தப் பாழாய்ப்போன சொல்

வெளியாள் ஒருவர் வந்து போத்தலுக்குச் சீல் வைக்க வேண்டும் என்றான் தம்பி. டவுன் பொலிசில் முறைப்பாட்டுக்கு ஒரு நம்பர் இருந்தது. தமிழில் பேச வேண்டும் என்றேன். ஒருவர் லைனில் வந்தார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே பாருங்கள்.

"ஐயா, எங்க லயத்துல தண்ணி பிரச்சினைங்க. மேல மலைல இருந்து எறக்குறாங்க. நாத்தம் தாங்க முடியல. குடிச்சவங்க எல்லாம் வாந்தி எடுக்குறாங்க. போத்தல்ல புடிச்சு வெச்சிருக்கேன். முப்பது போத்தல் இருக்கு, பிள்ளைக் காம்பராவுல."

எங்களுக்கு எல்லாமே தண்ணிதான். தேத்தண்ணி, சாயத்தண்ணி, சுடுதண்ணி, பச்சத்தண்ணி. முன்னால் ஒன்றும் போடாமல் வெறும் தண்ணி என்றால் இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். "அவரு தண்ணியில இருக்காரு" என்றால் குளிக்கிறார் என்று எந்தப் பொம்பளையும் நினைக்க மாட்டாள். போனை எடுத்த அந்தச் சாஜனோ தமிழ் பேசிப் பழகியதே தோட்டங்களில் கசிப்புப் பிடித்துப் பிடித்துத்தான். அவருடைய சேவையில் தண்ணிக்கு ஒரே ஓர் அர்த்தம்.

பீலி என்றாவது சொல்லியிருக்கலாம். சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான், உடனே புரிந்திருக்கும். டவுன்காரருக்கு நம்ம தோட்டத்துப் பேச்சு விளங்காதே என்று நாகரிகமாகப் பேசப் போய் வந்த வினை.

மறுபடியும் குசுகுசுப்பு

இளவட்டப் பொலிஸ்காரர் ஒருவர் ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். தேதியைக் காட்டி, பழசாக்கப் போட்டு வைத்திருக்கிறாள் என்று சிங்களத்தில் மற்றவரிடம் சொன்னார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிய மனிதன் அப்போதும் நுனிக்காலில்தான் ஓடினான்.

சாஜன் முகர்ந்தார். "டீசல்" என்றார். "இது தண்ணியா?"

"ஆமாங்க, தண்ணிதான்."

"குடிக்கிற தண்ணி?"

"இந்தப் பிள்ளைங்க குடிச்ச தண்ணிங்க."

அவர் திரும்பிப் பாயைப் பார்த்தார். செல்வியின் மகன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பிறகு சாஜன் வெறுங்காலோடு பீலிக்கு இறங்கிப் போய்க் கையை நனைத்து முகர்ந்து, சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்குச் சிங்களம் கேட்டால் விளங்கும், பேசத்தான் வராது. அந்த வார்த்தையை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

"அம்மா, நீர் என்று சொல்லியிருந்தால் எனக்கு விளங்கும்தானே. புத்தகத்தில் நீர் என்றுதான் இருக்கு."

"நீர்னு சொன்னா ஒங்களத்தான் மரியாதையில்லாம கூப்புடுறேன்னு நெனச்சிருப்பீங்களே ஐயா."

சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு. இனித்தான் அதிர்ஷ்டம் எங்கள் பக்கம் திரும்பியது. அவர் பொலிஸ் நிலையப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் புறப்பட்டு வந்தவர். வெறுங்கையோடு திரும்பினால் அவருக்குத்தான் கேள்வி. கைப்பற்றியதை எழுதியே ஆக வேண்டும். என் அடுப்பிலேயே சிவப்பு அரக்கை உருக்கி, முப்பத்தொரு போத்தலுக்கும் சீல் வைத்தார். தமிழிலும் ஒரு பிரதி வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். கோணல் எழுத்தில் அவரே எழுதித் தந்தார்: எண்ணெய் மிதக்கும் நீர், போத்தல் 31. அரசாங்க முத்திரையோடு ஒருவர் எழுதித் தந்த அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்து, மடித்து மாப்பால் டின்னுக்குள் வைத்தேன்.

சாராயம் என்ற சந்தேகத்தில் பிடித்த போத்தல் என்பதால் கேஸ் கோர்ட்டுக்குப் போனது. போத்தல்கள் கொழும்புக்குச் சோதனைக்குப் போயின. சாராயம் அல்ல, டீசல் கலந்த தண்ணீர் என்று பதில் வந்தது. நீதவான் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அப்படியானால் டீசல் யாருடையது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஹோட்டல்காரர், கொந்தராத்துக்காரர், துரை மூன்று பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் ஒரே வாங்கில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். தள்ளிவிட அன்றைக்கு நாலாவது ஆள் இல்லை.

அடி இற்றுப்போன பீப்பாய் ஒன்று சேற்றுக் குழியோரத்தில் கிடைத்தது. கோர்ட் உத்தரவுப்படி மெஷின் இறங்கிப் போயிற்று. எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டி அள்ளினார்கள். ஊற்றுத் தொட்டியை இறைத்துக் கழுவினார்கள். துரை எனக்கு இன்னொரு கடிதம் அனுப்பினார். முந்திய கடிதத்தை அனுப்பாததாகக் கருதவும் என்று இருந்தது. ஒன்றரை மாதம் தூங்காமல் கிடந்தவள் நான், எப்படிக் கருதுவது? தப்பு உன்னுடையது இல்லை என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டேன். இன்றுவரை எழுதவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஒரு கோப்பை

சில மாதம் கழித்து ஒரு மதியம் கறுப்புக் கண்ணாடித் தம்பி கொந்தராத்துக்காரரின் பைலோடு வந்தான். பிள்ளைகள் முழித்து, பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித்தான் உள்ளே வந்தான், அதைச் சொல்ல வேண்டும்.

"லேப் ரிப்போர்ட் வந்திருச்சு அக்கா. தண்ணி பாவனைக்கு உகந்ததுன்னு. பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பானவங்க கையெழுத்து ஒண்ணு வேணும். போட்டீங்கன்னா எங்க வேல முடிஞ்சுது."

நான் பீலியில் போய் ஒரு கோப்பை நிறையப் பிடித்து வந்து அவன் முன்னால் வைத்தேன்.

"குடிங்க."

"இல்லக்கா, வண்டில போத்தல் தண்ணி இருக்கு."

"இருக்கட்டும். இதக் குடிங்க."

கோப்பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். வாசலில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். பதினான்கு பிள்ளைகளும் அவனையே பார்த்தார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாதியைக் குடித்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பைலைத் திறந்து கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினான்.

நான் கோப்பையை மறுபடியும் அவன் பக்கம் நகர்த்தினேன்.

"மிச்சத்தையும் குடிச்சிருங்க தம்பி. இங்க பிள்ளைங்க யாரும் மிச்சம் வெக்கிறதில்ல."